மைதா பக்கத்தில் வைக்காதீர்கள்

ரப்பர் அச்சில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி, பிள்ளையார், மயில் என்று சுவரில் மாட்டும் அலங்காரப் பொருள்களை வீட்டிலேயே செய்கிறவர்கள் மளிகைக் கடையிலும் அந்தப் பவுடரைக் கேட்பதுண்டு. விற்கலாம், சரக்கின் குணம் தெரிந்து விற்க வேண்டும். ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரி சூட்டில் வறுத்து, அதிலுள்ள நீரில் முக்கால் பங்கை நீக்கிய பவுடர் இது. தண்ணீர் சேர்த்தால் சில நிமிடங்களில் மறுபடி இறுகும். மழைக்காலக் காற்றின் ஈரமே மூட்டையைக் கெடுத்துவிடும். அந்தப் பவுடரில் வார்த்த மயிலுக்கு அச்சிலிருந்து எடுக்கும்போதே கழுத்து முறியும், பழி கடைக்காரருக்குத்தான்! இறுக மூடிய டின்னில் வையுங்கள். சரக்கு வந்ததும் ஒரு கரண்டி குழைத்துப் பாருங்கள். அரை மணி கழித்தும் நகம் பட்டு உதிர்ந்தால் திருப்பி அனுப்புங்கள்.

பார்வைக்கு இது அசல் மைதா. பெயர் எழுதாத பொட்டலமாக ஒருபோதும் தராதீர்கள். தவறி உள்ளே போனால் வயிற்றிலும் இறுகும்.