கிராஸ் அடிக்கும் வண்டியும் சட்டமும்

சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ பழைய டாடா 1613 ஓட்டுகிற ஒருவரிடம் “வண்டி கிராஸ் அடிக்குது” என்று சொன்னால் மேற்கொண்டு விளக்கம் கேட்க மாட்டார். கிளட்சை விடும்போது அடியில் ‘டங்’ என்று ஒரு சத்தம். ரிவர்ஸ் போட்டால் இன்னொரு ‘டங்’. மெதுவாக உருளும்போது கீச்சொலி, வேகம் ஏறினால் கேபின் தரையில் அதிர்வு. எல்லாருக்கும் தெரிந்த அறிகுறிகள்தான். “இந்த டிரிப் முடியட்டும்” என்று எல்லாரும் தள்ளிப்போடும் வேலையும் இதுதான். ஒரு கிராஸின் விலை லாரி டயர் ஒன்றின் விலையில் சிறு பங்குதான். தள்ளிப்போட்ட நாட்களில் ஏதாவது நடந்துவிட்டால் சட்டம் முதலில் கேட்பது அந்தச் சத்தத்தைப் பற்றி.

கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது புரொப்பல்லர் ஷாஃப்ட். கியர்பாக்ஸ் சேசிஸில் நிலையாக நிற்கிறது. பின்னச்சோ ஸ்பிரிங் பட்டைகளோடு மேலும் கீழும் ஆடுகிறது. இரண்டுக்கும் நடுவே மாறிக்கொண்டே இருக்கும் கோணத்தைத் தாங்கும் மூட்டுதான் யுனிவர்சல் ஜாயிண்ட். அதன் உயிர் கூட்டல் குறி வடிவத்தில் இருக்கும் கிராஸ். அதன் நான்கு முனைகளிலும் நான்கு கப். ஒவ்வொரு கப்புக்குள்ளும் ஊசி ஊசியாக மெல்லிய உருளைகள். கிரீஸ் தீர்ந்தாலும், சீல் கிழிந்து தண்ணீரும் புழுதியும் உள்ளே போனாலும், அந்த உருளைகள் கிராஸின் முனையிலேயே பள்ளம் பதிக்கத் தொடங்கும். அதிக லோடு ஏற்றினால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கப்பைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் இல்லை, துருதான் இருக்கிறது என்று அர்த்தம்.

சோதிப்பது எளிது. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு, ஷாஃப்டைக் கையால் மேலும் கீழும் அசைத்தும் முறுக்கியும் பார்க்க வேண்டும். கப்புக்கும் அதைப் பிடித்திருக்கும் யோக்குக்கும் இடையே அசைவு தெரிந்தால் ஆயுள் முடிந்தது. ஷாஃப்ட் முழுதாகச் சுழன்று ஆடினால் மட்டும் கிராஸைக் குற்றம் சொல்லிவிட முடியாது. ஸ்லைடிங் பகுதியின் பல் தேய்ந்திருக்கலாம், டிஃபரன்ஷியலில் இடைவெளி கூடியிருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்காமல் கிராஸை மட்டும் மாற்றச் சொல்லிப் பணம் வாங்கும் பட்டறைகளும் உண்டு.

உடைந்தால் என்ன ஆகும்? பின்பக்க ஜாயிண்ட் போனால் ஷாஃப்ட் தரையில் இழுபடும். வண்டிக்கு இழுவை இருக்காது. முன்பக்கம் போனால்தான் கொடுமை. ஓடும் வண்டியில் ஷாஃப்டின் முன்முனை தார்ச்சாலையில் குத்தினால், பின்னச்சு அதன்மேல் ஏற முயலும். சுழன்றுகொண்டே அடிக்கும் அந்த இரும்பின் எட்டத்தில்தான் ஏர் டேங்கும் பிரேக் குழாய்களும் டீசல் டேங்கும் இருக்கின்றன. சாலைக்குக் கழன்று வந்த ஷாஃப்ட் பின்னால் வருகிற இருசக்கர வண்டிக்காரருக்கு என்ன செய்யும் என்று விவரிக்க வேண்டியதில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 190-ஆம் பிரிவு, பொது இடத்தில் ஆபத்தான கோளாறுள்ள வண்டியை ஓட்டுபவரையும், ஓட்டச் செய்பவரையும், ஓட்ட விடுபவரையும் ஒன்றாகவே பிடிக்கிறது. கோளாறு தெரிந்திருந்தால் மட்டும் குற்றம் என்றில்லை. சாதாரணக் கவனம் எடுத்திருந்தால் கண்டுபிடித்திருக்க முடியும் என்றாலே போதும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 1,500 ரூபாய் வரை. அந்தக் கோளாறால் விபத்து நடந்து யாருக்காவது காயமோ பொருளுக்குச் சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மரணம் நேர்ந்தால் வழக்கு அங்கே நிற்காது. அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. அப்போது முதலில் கைதாகிறவர் ஓட்டுநர். அவருக்கு ஷாஃப்ட் சொந்தமில்லை என்பது அந்த இரவில் யார் காதிலும் ஏறாது.

“திடீர்னு உடைஞ்சிருச்சு சார், மெக்கானிக்கல் ஃபெயிலியர்” என்று சொன்னால் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கை லாரித் தொழிலில் பரவலாக இருக்கிறது. 1977-இல் மினு பி. மேத்தா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. இயந்திரக் கோளாறே காரணம் என்று நிரூபிக்கும் சுமை வண்டி உரிமையாளர் மேல். வேண்டிய கவனம் எல்லாம் எடுத்தும் அந்தக் கோளாறு மறைந்தே இருந்தது என்றும் அவரே காட்ட வேண்டும். கிராஸ் மறைந்திருந்து உடைவது அரிது. வாரக்கணக்கில் சத்தம் போட்டுவிட்டுத்தான் உடைகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்ட கிளீனர், அதைப் பார்த்த பட்டறைக்காரர், “கிராஸ் போகுது, பாத்துக்குங்க” என்று ஓனருக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிய ஓட்டுநர் எல்லாரும் நாளை சாட்சிகள். ஓட்டுநர்கள் அப்படி ஒரு செய்தி அனுப்பிவிட்டு அதை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. “சொன்னேன், கேக்கல” என்று வாயால் சொல்வதற்கு வழக்கில் பெரிய மதிப்பில்லை.

விபத்துக்குள்ளான வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர், நம் பேச்சில் பிரேக் இன்ஸ்பெக்டர், பார்த்து அறிக்கை தருவார். இயந்திரக் கோளாறு காரணமா இல்லையா என்பது அதில் வரும். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று செல்லுபடியாக இருக்கிறதே என்று நிம்மதி கொள்ள முடியாது. எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. ஓராண்டுக்குத்தான். அது அந்த நாளின் நிலையைச் சொல்கிறது. நடுவில் வருகிற பதினொரு மாதத்துக்கு அது பொறுப்பேற்காது.

மாற்றும் வேலையில் உயிர்போகும் இடம் ஒன்று இருக்கிறது. கியரில் போட்டு நிறுத்தினால் வண்டி நகராது என்பது ஷாஃப்ட் மாட்டியிருக்கும் வரைதான் உண்மை. போல்ட்டைக் கழற்றி ஷாஃப்டை இறக்கிய கணமே எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துவிடுகிறது. சில பழைய வண்டிகளில் கைபிரேக்கே புரொப்பல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். அங்கே அதுவும் போய்விடும். லேசான சரிவு போதும், லோடு வண்டி அடியில் படுத்திருப்பவர்மேல் உருண்டுவிடும். நெடுஞ்சாலை ஓரத்தில், இருட்டில், இரண்டு கருங்கல்லை வைத்துவிட்டு அடியில் புகும் வழக்கத்தைத் தைரியம் என்று நான் சொல்ல மாட்டேன். சரியான கட்டை, சமதளம், ஏர் பிரஷரைப் பார்த்து உறுதிசெய்த பார்க்கிங் பிரேக், இவை இல்லாமல் “அடியில போ” என்று கிளீனரிடம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. வேலையின்போது காயம்படும் ஓட்டுநர், கிளீனர், மெக்கானிக்குக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-இலிருந்தே சட்டம். இப்போது அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் இருக்கிறது.

ஷாஃப்டை இறக்கும் முன் சுண்ணக்கட்டியாலோ பெயிண்டாலோ இரண்டு பாகங்களிலும் குறி போட வேண்டும். ஒற்றை ஜாயிண்ட் கோணத்தில் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறைகிறது. மறுமுனை ஜாயிண்ட் அதை ஈடுகட்ட வேண்டுமானால் இரண்டு யோக்கும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஸ்லைடிங் பகுதியை ஒரு பல் தள்ளி மாட்டினாலும் புதுக் கிராஸ் போட்ட வண்டி பழையதைவிட அதிகமாக நடுங்கும். பிறகு சென்டர் பேரிங்கைக் குற்றம் சொல்வார்கள்.

கப்பைக் கழற்ற யோக்கின் காதில் சம்மட்டியால் ஓங்கி அடிப்பது, கேஸ் வெட்டும் தீயைக் காட்டுவது, கப்பைப் பிடித்து நிறுத்தும் சர்க்ளிப் வளையம் நிற்காத பள்ளத்தில் வெல்டிங் வைத்துவிடுவது, இவற்றில் எதைக் கண்டாலும் வேலையை நிறுத்தச் சொல்லலாம். பிரஸ் வைத்துத் தள்ளுவதே முறை. கப் உள்ளே போகும்போது ஒரே ஓர் ஊசி உருளை சாய்ந்து அடியில் விழுந்தாலும் சர்க்ளிப் முழுதாக உட்காராது; அதை அடித்து உட்கார வைப்பவர் அடுத்த பிரேக்டவுனுக்கு நாள் குறிக்கிறார். சரியாகப் போட்ட ஜாயிண்ட் கையால் லேசான இறுக்கத்தோடு எல்லாப் பக்கமும் மடங்கும். கிரீஸ் அடித்தால் நான்கு சீலிலும் வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். ஃபிளாஞ்சுக்கு உயர் பலப் போல்ட்டும் புது லாக் நட்டுமே போட வேண்டும். டப்பாவில் துழாவி எடுத்த போல்ட்டுக்கு இங்கே இடமில்லை.

பழைய வண்டிக்காரர்கள் இன்னொரு வலையில் விழுகிறார்கள். பார்ட் நம்பர் கிடைக்காததால் பழைய கிராஸைக் கையில் எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறுவார்கள். கப்பின் விட்டத்தையும் எதிரெதிர்க் கப்புகளின் மொத்த நீளத்தையும் அளவுக்கருவி வைத்துப் பார்க்காமல் “இதுதான், போட்டுப் பாருங்க” என்று கொடுப்பது டூப்ளிகேட்டுக்கும் தப்பளவுக்கும் ஒருசேர வழி. பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, புகார் எண் இருக்க வேண்டும். சட்டமுறை எடையளவு விதிகள் அதைக் கேட்கின்றன. “பில் வேணாம்னா வரி மிச்சம்” என்பது கடைக்காரர் உங்களுக்குக் காட்டும் சலுகையல்ல. வாகன உதிரிபாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. அந்தச் சிறு மிச்சத்துக்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது வழக்குப் போடும் ஆதாரத்தை. பில் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. போலிப் பொருளை விற்று அதனால் ஒருவர் இறந்தால் அதே சட்டத்தின் 91-ஆம் பிரிவில் குறைந்தது ஏழாண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை.

“லாரி வியாபாரத்துக்கு ஓடுறது, நுகர்வோர் நீதிமன்றத்துல எடுக்க மாட்டாங்க” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இது பாதி உண்மை. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிராக லட்சுமி எஞ்சினியரிங் வொர்க்ஸ் தொடுத்த வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம், தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்கியவர் நுகர்வோரே என்று எடுத்துக்காட்டாகவே சொல்லியிருக்கிறது. ஓரிருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வதால் அந்தத் தகுதி போய்விடாது. ஆகவே புகாரில் “சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும்” என்ற விவரத்தைத் தெளிவாக எழுத வேண்டும். முழுக்க ஆள் வைத்து ஓட்டுபவர் என்றால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும். பல வண்டி வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு வழி சரக்கு விற்பனைச் சட்டமும் உரிமையியல் நீதிமன்றமும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். டெல்லியில் வாங்கிய பாகம் என்றாலும் சரி. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. காலக்கெடு இரண்டாண்டு. அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல்லலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-ஐ அழைத்து மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்கலாம். உடைந்த கிராஸை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அனுப்ப அது கையில் இருக்க வேண்டுமே. கழற்றிய கிராஸ், கப், உருளை எல்லாம் உங்கள் சொத்து. பட்டறையின் பழைய இரும்புக் குவியலில் விழுவதற்கு முன் கேட்டு வாங்கி, துடைக்காமல் பையில் கட்டி, தேதி எழுதி வையுங்கள்.

காப்பீட்டை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு வரி: தேய்மானமும் இயந்திரப் பழுதும் வழக்கமான வாகனப் பாலிசியில் கிடையாது. உடைந்த ஷாஃப்டின் விலை உங்கள் கையிலிருந்துதான்.

வேலை சரியில்லை என்று கூலியை நிறுத்தினால் பட்டறைக்காரர் வண்டியைப் பிடித்து வைக்கலாமா? வைக்கலாம். ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 170-ஆம் பிரிவு, உழைப்பும் திறமையும் செலவிட்டவருக்குக் கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் நிறுத்திவைக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் அது ஒப்பந்தப்படி வேலையை முடித்தவருக்கு. நிறுத்திவைத்த காலத்தில் வண்டியைப் பத்திரமாக வைத்திருக்கும் கடமையும் அவருக்கு உண்டு. நிற்கும் லாரிக்கு ஒவ்வொரு நாளும் தவணை ஓடுகிறது. அதனால் அனுபவப்பட்டவர்கள் பில்லின் பட்டறைப் பிரதியிலேயே “ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்” என்று எழுதிக் கையெழுத்திட்டு, அதைப் படம் பிடித்துக்கொண்டு, பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துவிடுவார்கள். சண்டையை அதற்குப் பிறகு ஆணையத்தில் வைத்துக்கொள்வார்கள்.