செயலாளர் எல்லாக் குழுவிலும் இருந்தால்?

பத்துப் பேர் கொண்ட ஒரு சங்கம். அதில் மூன்று மூன்று பேராகக் குழுக்கள் போட வேண்டும். ஒருவர் எத்தனை குழுவில் வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரே நிபந்தனை: எந்த இரண்டு குழுவை எடுத்தாலும் இரண்டுக்கும் பொதுவாக ஓர் ஆளாவது இருக்க வேண்டும். அதிகபட்சம் எத்தனை குழு போடலாம்?

பத்துப் பேரில் மூவரை 120 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். சட்டென்று தோன்றும் வழி, செயலாளரை எல்லாக் குழுவிலும் போட்டுவிடுவது. மீதி ஒன்பது பேரில் இருவரை 36 விதமாகச் சேர்க்கலாம். ஆக 36 குழு. சோம்பேறித்தனமான வழிதான். கொஞ்சம் சாமர்த்தியமாக, மூன்று மூத்தவர்களைக் குறித்துக்கொண்டு, அவர்களில் இருவராவது உள்ள குழுக்களை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். நிபந்தனை நிறைவேறும், ஆனால் கிடைப்பது 22தான்.

எப்படி முயன்றாலும் 36ஐத் தாண்ட முடியாது. குழுவின் அளவு மொத்த ஆட்களில் பாதிக்கு மேல் போகாதவரை, ஒருவரை எல்லாவற்றிலும் வைக்கும் வழியை எதுவும் மிஞ்சாது. (பாதிக்கு மேல் போனால் கேள்விக்கே இடமில்லை, பத்துப் பேரில் எந்த இரண்டு அறுவர் குழுவிலும் பொது ஆள் இருந்தே தீர்வார்.) பால் எர்டோஸ், கோ சாவ், ரிச்சர்ட் ராடோ மூவரும் இதை 1938இல் நிறுவினார்கள். அச்சில் வந்ததோ 1961இல். சேர்மானவியலில் அன்று யாருக்கும் அவ்வளவு ஆர்வம் இல்லை என்று எர்டோஸ் பின்னாளில் காரணம் சொன்னார்.

ஹங்கேரியரான கியூலா கட்டோனா 1972இல் தந்த நிரூபணம்தான் எனக்குப் பிடித்தது. பத்துப் பேரையும் வட்டமாக உட்கார வைத்து, பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்த மூவரை மட்டும் குழுவாகக் கொள்ளுங்கள். அப்படிப் பத்துக் குழு அமையும். 1, 2, 3ஆம் இருக்கைக்காரர்களின் குழுவை எடுத்துவிட்டோம் என்று வைப்போம். அதைத் தொடும் மற்றக் குழுக்கள் நான்கே: 9-10-1, 2-3-4 ஒரு ஜோடி, 10-1-2, 3-4-5 இன்னொரு ஜோடி. ஜோடிக்குள் பொது ஆள் கிடையாது. எனவே ஜோடிக்கு ஒன்றைத்தான் எடுக்கலாம். ஆக, வட்டத்தின் பத்தில் மூன்றுக்கு மேல் தேறாது. ஆட்களை எத்தனை விதமாக இடம் மாற்றி உட்கார வைத்தாலும் இதே கணக்குத்தான். எல்லா வரிசைகளையும் சேர்த்தால் 120 குழுக்களும் சம தடவை வரும். எனவே 120இலும் பத்தில் மூன்று, அதாவது 36தான் உச்சம். பள்ளி மாணவருக்கும் புரியும் நிரூபணம். இதற்கு முப்பது ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது!

நிபந்தனையைச் சற்று இறுக்கினால் கதை மாறுகிறது. எட்டுப் பேர், நால்வர் குழுக்கள், எந்த இரண்டுக்கும் இருவராவது பொது. இருவரை நிரந்தரமாக வைத்தால் 15 குழு. நான்கு மூத்தவர்களைக் குறித்து, அவர்களில் மூவராவது உள்ள குழுக்களை எடுத்தால் 17. சோம்பேறி வழி இங்கே தோற்கிறது. எண்கள் பெருகும்போது எத்தனை மூத்தவர்களைக் குறித்துக்கொள்வது லாபம் என்பதை ரூடால்ஃப் ஆல்ஸ்வேடேயும் லெவோன் கச்சாட்ரியனும் 1997இல் வெளியிட்ட தேற்றம் முழுமையாகத் தீர்த்துவைத்தது.