கேரட்டுக்கும் தேயிலைக்கும் விலை இல்லாத மாதம்... கல்லூரிச் செலவை எப்படிச் சமாளிப்பது? ஊட்டி மாணவர்களுக்கு ஒரு கணக்கு!

அவலாஞ்சி என்றால் சுற்றுலாப் பயணிகளுக்கு ஏரியும் சோலைக்காடும். அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பங்களுக்கோ 2019 ஆகஸ்ட் மழை. ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. மண் சரிந்தது, பயிர் போனது.

அப்படிப்பட்ட பேய்மழை எல்லா வருஷமும் வருவதில்லை. ஆனால் எமரால்டு, இத்தலார் பக்கம் வீட்டுக்கு வரும் பணம் எப்போதுமே சீராக இருப்பதில்லை. கேரட், உருளைக்கிழங்கு விலை மேட்டுப்பாளையம் மண்டியில் முடிவாகும். பசுந்தேயிலைக்குக் குறைந்தபட்ச விலை கேட்டு, 2023-ல் நீலகிரியின் சிறு விவசாயிகள் உண்ணாவிரதமே இருந்தார்கள். ஊட்டியில் படிக்கும் பிள்ளையின் செலவு மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கும்.

இதில் கல்லூரிக் கட்டணம் பெரிய பிரச்னை இல்லை. 1955-ல் தொடங்கப்பட்ட ஊட்டி அரசு கலைக் கல்லூரி போன்ற இடங்களில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. அறை வாடகை, மதியச் சாப்பாடு, ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், போன் ரீசார்ஜ், செமஸ்டர் தேர்வுக் கட்டணம்... கையைக் கடிப்பது இவைதான். தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் போனால் அந்தப் பாடங்கள் அரியராகிவிடும். அரியர் சேரச் சேர, 'படிப்பே வேண்டாம், வேலைக்குப் போ' என்ற பேச்சு வீட்டில் எழும்.

பஸ் செலவில் கொஞ்சம் நிம்மதி உண்டு. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் இருக்கிறது. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணமும் 2024-ல் நீலகிரி போன்ற மலைப்பகுதிகளுக்கு வந்துவிட்டது.

அடுத்தது அந்த 1,000 ரூபாய். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டு உயர்கல்வி சேர்ந்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் 'புதுமைப் பெண்' திட்டம் தொடங்கியது. மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்ட்டில் கோவையில் தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. டிகிரி மட்டுமல்ல, டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தாலும் கிடைக்கும். வேறு ஸ்காலர்ஷிப் வாங்குகிறவர்களும் விண்ணப்பிக்கலாம். இது தெரியாமலேயே சிலர் விட்டுவிடுகிறார்கள். தொலைதூரக் கல்விக்கு மட்டும் கிடையாது.

மூன்று வருஷத்துக்கு 36,000 ரூபாய். சும்மா விட்டால் ரீசார்ஜிலும் டீக்கடையிலும் கரைந்துவிடும் தொகைதான். பணம் வந்த அன்றே 300 ரூபாயை ஒதுக்கிவிட்டால், ஆறு மாதத்தில் 1,800 ரூபாய் சேரும். அதைத் தேர்வுக் கட்டணத்துக்கு என்றே வைத்துக்கொள்ளலாம். மீதி 700-ஐ வாரத்துக்கு 175 என்று பிரித்துக்கொண்டால், கடைசி வாரத்தில் நண்பர்களிடம் கை நீட்ட வேண்டியிருக்காது. இந்தக் கணக்குக்கு ஆப் எதுவும் தேவையில்லை, பழைய நோட்டின் கடைசிப் பக்கம் போதும்.

பணம் வரவில்லையா? வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதன்பிறகு கல்லூரியில் இந்தத் திட்டத்தைக் கவனிக்கும் பேராசிரியரைப் பார்த்துப் பேசுங்கள். சீனியரிடம் கேட்டுக் கேட்டு மாதங்களை ஓட்டுவதைவிட இது சுலபம்.

பெரிய தொகை தேவைப்படும்போது மலைக்கிராமங்களில் அம்மாவின் நகைதான் முதலில் அடகுக்குப் போகிறது. அதற்கு முன் கல்விக்கடனை விசாரிப்பது நல்லது. 4 லட்சம் ரூபாய் வரை பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை தொடங்கும். நகைக்கடனுக்கு அந்த அவகாசம் கிடையாது. 7.5 சதவிகித இட ஒதுக்கீட்டில் இன்ஜினீயரிங் போன்ற தொழிற்படிப்பு சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கடனே தேவைப்படாமல் போகலாம். 2021 முதல் அவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறோம் என்று போனில் வரும் ஆப்கள் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். போனில் இருக்கும் கான்டாக்ட் எண்களையும் போட்டோக்களையும் எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டுவது இவற்றில் பலவற்றின் வேலை. ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால், வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்து இன்னொரு ஆப்பில் கடன் வாங்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்கலாம். கல்வி உதவித்தொகை பற்றிய சந்தேகங்களுக்கு 14417.