பேட்ஜ் ஒருவருக்கு, பர்மிட் ஒருவருக்கு

ஆவடி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வருகிறவர்கள், பொழுது புலர்வதற்கு முன்பே அங்கே வரிசை கட்டி நிற்கும் ஆட்டோக்களையும், அவற்றின் பக்கத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் காக்கிச் சட்டைக்காரர்களையும் தினந்தோறும் காண்கிறார்கள். ஆனால் அந்த வரிசையில் நிற்கும் வண்டிகளில் எத்தனை வண்டிகள் அவற்றை ஓட்டுகிறவர்களுக்கே சொந்தமானவை என்று விசாரித்தவர்கள் சொற்பமாகவே இருக்கக்கூடும். ஒரு நாள் காலையில் நான் அப்படி விசாரித்தேன். இருபது வருஷங்களுக்கு மேலாக இந்தப் பகுதியில், பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லிக்கும், திருமுல்லைவாயில் வழியாக அம்பத்தூர் ஓ.டி.க்கும் சவாரி போய்வரும் ஒரு பெரியவர், வண்டியின் முன்புறச் சிறு பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள் இருந்த ஆர்.சி. புத்தகம், பர்மிட், இன்ஷூரன்ஸ், எப்.சி. ஆகிய நான்கு காகிதங்களையும் பின் சீட்டின்மேல் ஒவ்வொன்றாகப் பரப்பிக் காட்டினார். நான்கிலும் ஒரே பெயர். அது அவர் பெயர் அல்ல.

"வண்டி ஓனர் பேர்ல சார். பர்மிட்டும் அவர் பேர்லதான். பேட்ஜ் ஒண்ணுதான் எம் பேர்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு, காகிதங்களை மறுபடியும் பழைய மடிப்பு கலையாமல் மடித்து உறைக்குள் வைத்தார்.

நம்முடைய மோட்டார் சட்டம் ஒரு வாடகை வண்டி தெருவில் ஓடுவதற்கு இரண்டு அனுமதிகளை விதிக்கிறது. ஓட்டுகிற மனிதன் தகுதியுள்ளவன் என்பதற்கு அடையாளம் லைசென்சும் பேட்ஜும். வண்டி கூலிக்கு ஆள் ஏற்றலாம் என்பதற்கு அடையாளம் பர்மிட். முதலாவது உழைப்பைச் சேர்ந்தது, இரண்டாவது உடைமையைச் சேர்ந்தது. பேட்ஜ்களுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. தகுதி உள்ளவர் எவரும் பெறலாம். வரம்பு விதிக்கப்படும்போதெல்லாம் அது பர்மிட்டின் மீதே விதிக்கப்படுகிறது. ஆகையால், ஓட்டத் தெரிந்தவர்கள் பெருகிக்கொண்டே போக, ஓட்ட அனுமதிக்கப்பட்ட வண்டிகள் மட்டும் ஓரிடத்தில் நின்றுவிடுமானால், உழைப்பின் மதிப்பு குறைந்து காகிதத்தின் மதிப்பு ஏறுவது தவிர்க்க முடியாத காரியமாகிறது.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் பொதுவில் பர்மிட் விஷயத்தில் தாராளமானதே. பர்மிட் கேட்டு வருகிறவர்களைச் சாதாரணமாக மறுத்தல் ஆகாது என்று அதன் 80-ஆம் பிரிவு சொல்லுகிறது. ஏற்கெனவே தொழிலில் இருந்த பஸ் முதலாளிகள் அதை ஆட்சேபித்து மிதிலேஷ் கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, போட்டி பெருகுவதனால் எவருடைய தொழில் சுதந்திரமும் பறிபோய்விடவில்லை என்று 1991-இல் தீர்ப்பாயிற்று. ஆயினும் அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவில், ஐந்து லட்சம் ஜனத்தொகைக்குக் குறையாத நகரங்களில், மத்திய அரசு பணித்தால் வாடகை வண்டிகளின் எண்ணிக்கைக்கு மாநில அரசு வரம்பு கட்ட வேண்டும் என்ற ஏற்பாடும் இருக்கிறது. அவ்வாறு வரம்பு கட்டினால் யாருக்கு பர்மிட் கொடுப்பது? விண்ணப்பதாரரின் பண வசதியைப் பார்க்க வேண்டும். முன்பு வண்டி நடத்தியவராயின் ஒழுங்காக வரி கட்டினாரா என்று பார்க்க வேண்டும். சுற்றுலா வளர்ச்சிக் கழகங்கள், அரசுப் போக்குவரத்து நிறுவனங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், முன்னாள் ராணுவத்தினர் ஆகியோருக்கு முன்னுரிமை தர வேண்டும். இத்தனை பேரை நினைவு வைத்துக்கொண்ட சட்டம், இருபது வருஷம் பிறர் வண்டியை ஓட்டிய பேட்ஜ்காரரை ஓரிடத்திலும் பெயர் சொல்லி நினைக்கவில்லை. என் அபிப்பிராயத்தில் அநீதியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அந்த வேர் எப்படிப்பட்ட மரமாக வளரும் என்பதை டில்லி காட்டியது. 1997-இல், எம்.சி. மேத்தாவின் சுற்றுச்சூழல் வழக்கில், புகையைக் காரணமாகக் கொண்டு உச்ச நீதிமன்றம் அந்நகரத்து ஆட்டோக்களின் எண்ணிக்கையை உறையவைத்தது. வரம்பு 55 ஆயிரம் என்று நின்றது. பிறகு அந்த ஆட்டோக்கள் அனைத்தும் எரிவாயுவுக்கு மாறின. புகையென்ற காரணம் பெரும்பாலும் போய்விட்டது. வரம்பு மட்டும் போகவில்லை. 2011-இல்தான் அது ஒரு லட்சமாக உயர்த்தப்பட்டது. இடைப்பட்ட அந்தப் பதினான்கு வருஷங்களில், புதிய வண்டி வாங்கும் விலையைவிடப் பழைய வண்டியோடு ஒட்டிக்கொண்டிருந்த பர்மிட்டின் விலை மேலோங்கி, வட்டிக்குக் கொடுப்பவர்கள் கையில் பர்மிட்டுகள் குவிந்து, ஓட்டுநர்கள் நாள் வாடகைக்காரர்களாகவே நின்றுவிட்டார்கள். மும்பையிலும் அதே 1997-இல் நிறுத்தப்பட்ட புதிய பர்மிட்டுகள் 2017-இல்தான் மீண்டும் தாராளமாயின.

நாள் வாடகை என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். காலையில் வண்டியை எடுக்கிறவர், முதல் சவாரி கிடைப்பதற்கு முன்பே கடன்காரராகி விடுகிறார். முதலில் சம்பாதிப்பது வாடகைக்கு, அடுத்தது எரிபொருளுக்கு, மிஞ்சினால்தான் வீட்டுக்கு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து வெளிவரும் தொழிலாளிக்கு மணி தெரியும். அவனை ஏற்றிச் செல்லும் ஓட்டுநருக்கு மணி கிடையாது. ஜுரம் வந்தால் விடுப்பு இல்லை. பல வருஷங்கள் நடைமுறையிலிருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் எட்டு மணி நேர வேலையையும் வார விடுமுறையையும் விதித்தது உண்மைதான். ஆனால் அது ஐந்து தொழிலாளர்களுக்குக் குறையாத நிறுவனங்களுக்கே உரியது. ஒரு வண்டியை வாடகைக்கு விடுகிற உரிமையாளர் சட்டத்தின் பார்வையில் யஜமானரும் அல்லர். அதை ஓட்டுகிறவர் தொழிலாளியும் அல்லர். உறவு முறிந்தால் ஒரு சாவியைத் திருப்பிக் கொடுப்பதோடு காரியம் முடிந்துவிடுகிறது. ஆவடிப் பெரியவர் இதுவரை ஏழு உரிமையாளர்களிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

அப்படியானால் வரம்பே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? நிலையத்தில் நிற்கிறவர்களைக் கேட்டால் அவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தமிழக அரசு 2013 ஆகஸ்டில் விதித்த சென்னை ஆட்டோக் கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்பால் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். பன்னிரண்டு வருஷங்கள் கடந்தும் அது திருத்தப்படவில்லை. கட்டணம் ஒரே இடத்தில் நிற்க, வண்டிகள் பெருக, செயலி நிறுவனங்கள் தம் மனம்போல் விலையை ஏற்றி இறக்க, ஒரு சவாரிக்கும் மறு சவாரிக்கும் இடையே காத்திருக்கும் நேரம் நீண்டுகொண்டே போகிறது. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துங்கள் என்று ஓட்டுநர் கேட்பது தன் ஜீவனத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். ஆனால் அந்த வரம்பின் பலன் பர்மிட் வைத்திருப்பவரைச் சேருமே தவிர, பேட்ஜ் வைத்திருப்பவரைச் சேராது என்பதுதான் துக்ககரமான விஷயம்.

சொந்தமாகப் பர்மிட் வாங்கியவர்களுக்கும் ஆபத்து உண்டு. நியூயார்க்கில் 1937-இல் வந்த ஹாஸ் சட்டம் டாக்சி அனுமதிகளின் எண்ணிக்கையைக் கட்டிவிட, அந்த அனுமதி ஒன்றின் விலை 2014 வாக்கில் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. செயலி வண்டிகள் வந்ததும் விலை சரிந்து, கடன் வாங்கி அனுமதி பெற்றிருந்த ஓட்டுநர்கள் மீளமுடியாமல் தவித்து, சிலர் 2018-இல் உயிரையே மாய்த்துக்கொண்டனர். 2021-இல் ஓட்டுநர்கள் உண்ணாவிரதம் இருந்த பிறகே அந்நகரம் கடனைக் குறைக்க இணங்கியது.

இங்கே 2018 அக்டோபரில் மத்திய அரசு மின்கல வண்டிகளுக்குப் பர்மிட்டே தேவையில்லை என்று அறிவித்துவிட்டது. காகிதத் தடை நீங்கியது நல்லதே. எனினும் முன்பணம் இல்லாதவருக்கு, பர்மிட் நின்ற இடத்தில் இப்போது பைனான்ஸ் வந்து நிற்கிறது. இரண்டு டியூ தவறினால் வண்டி போய்விடும்.

உழைக்கிறவன் கையிலேயே உரிமையையும் கொடுப்பது நமக்குப் புதிய தத்துவம் அன்று. 1973-இல் மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்ஷாவைத் தமிழகம் ஒழித்தபோது, இழுத்தவர்களை வெறுங்கையோடு அனுப்பிவிடாமல், அவர்களுக்கே சைக்கிள் ரிக்ஷாக்களைக் கொடுத்தது கலைஞர் கருணாநிதியின் அரசு. 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் இன்னும் தெளிவானது. அங்கேயும் எண்ணிக்கை வரம்பு உண்டு, ஜனத்தொகையில் இரண்டரை சதவிகிதம் என்று; ஆனால் சான்றிதழ் பெறுகிறவர் தாமே அல்லது தம் குடும்பத்தார் மூலமே வியாபாரம் செய்ய வேண்டும், வேறு ஜீவனோபாயம் இல்லாதவராயிருக்க வேண்டும், சான்றிதழைப் பிறருக்கு வாடகைக்கு விடலாகாது. 2025 மார்ச் 8 அன்று சென்னையில் தொடங்கிய இளஞ்சிவப்பு ஆட்டோத் திட்டத்திலும் இதே நெறிதான்: ஒரு லட்சம் ரூபாய் மானியம் கொடுத்த அரசு, அந்த வண்டிகளைப் பெண்களே ஓட்ட வேண்டும், ஆண்கள் ஓட்டினால் பறிமுதல் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. பெறுகிறவரே ஓட்ட வேண்டும் என்பதை அரசு ஒரு நிறத்து வண்டிக்கு ஒப்புக்கொண்டாயிற்று. மஞ்சள் வண்டிக்கும் அதை ஒப்புக்கொள்வதில் என்ன தடை?

ஆகவே, ஆட்டோவின் எண்ணிக்கைக்கு இனி எப்போது வரம்பு கட்டினாலும், மானியமோ கடனோ எப்போது அறிவித்தாலும், தம் பெயரில் வண்டி இல்லாத பேட்ஜ்காரருக்கே முதல் பாத்தியதை என்று அரசு விதி செய்ய வேண்டும். வாடகைக்கு விடும் உரிமையாளர், வாடகைத் தொகையையும் விபத்துப் பொறுப்பையும் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று நிர்ப்பந்திக்க வேண்டும். சட்டமே கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை தந்திருக்கிறபடியால், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி நிலையங்களின் தொழிற்சங்கத்தார் அத்தகைய சங்கங்களை அமைக்க இப்போதே முயல வேண்டும். பேட்ஜ் பெற்றவர் பெயர்களும் வண்டி உரிமையாளர் பெயர்களும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில்தான் இருக்கின்றன. இரண்டு பதிவேடுகளையும் ஒத்துப் பார்த்தாலே வண்டியில்லாத பேட்ஜ்காரர் யார் யார் என்பது தெரிந்துவிடும்.