பள்ளிக்கூடத்தில் மட்டும் பேசாத பிள்ளை

வீட்டில் வாய் ஓயாத குழந்தை, பள்ளிக்கூட வாசற்படி ஏறியதும் ஊமையாகிவிடுகிறதா? பெரும்பாலும் கோளாறு நாக்கில் இருக்காது. மனசில்தான் முடிச்சு விழுந்திருக்கும்.

எங்கள் சேலம் அம்மாபேட்டையில் நெசவாளர் குடும்பங்கள் அதிகம். ஒரு வீட்டில் சௌராஷ்டிரம், அடுத்த வீட்டில் தெலுங்கு, எதிர் வீட்டில் தமிழ். பள்ளியில் சேர்த்தால் கூடவே இங்கிலீஷ். பக்கத்து வீட்டுச் சௌராஷ்டிரப் பெண்ணின் மகனுக்கு நாலரை வயது. சேர்ந்து இரண்டு மாதமாக வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. "வீட்டில் உங்க பாஷையை நிறுத்துங்க, இங்கிலீஷ்லயே பேசுங்க"ன்னு டீச்சர் சொல்லி அனுப்பிவிட்டார். தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு தாய் பிள்ளையைக் கொஞ்ச முடியுமா, கண்டிக்கத்தான் முடியுமா? வீட்டிலும் பேச்சு குறைந்து போச்சு.

"பாட்டி தார் சுத்திக்கிட்டே கதை சொன்னா வாயைப் பிளந்து கேப்பான்க்கா. இப்ப அதுவும் இல்லை" என்றாள்.

இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும் என்பது பழைய நம்பிக்கை. 1962-இல் கனடாவின் மான்ட்ரீல் நகரில் பீல், லாம்பர்ட் என்ற ஆய்வாளர்கள் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்தவர்களே முந்தியிருந்தார்கள். புது மொழிக்குள் நுழையும் குழந்தை சில வாரமோ சில மாதமோ வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பதும் சகஜம்தான். பயமும் கூச்சமும் சல்லடை மாதிரி நின்று, காதில் விழும் மொழியை உள்ளே விடாமல் தடுக்கும் என்று 1980களில் அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் விளக்கினார். "எங்கே, ஆன்ட்டிக்கு ரைம்ஸ் சொல்லு" என்று விருந்தாளி முன்னால் நிறுத்துகிறார்களே, சல்லடைக் கண் இன்னும் அடைத்துக்கொள்ளாதா!

"உன் பாஷையிலேயே பேசும்மா, பாட்டி கதையை மறுபடி ஆரம்பி" என்றேன். டீச்சரிடமும் போய்ப் பேசினோம். பதிலுக்குத் தலையாட்டினால் போதும் என்று விட்டார். தெருப்பையன் ஒருவன் பக்கத்தில் உட்கார வைத்தார். ஆடிப் பண்டிகை முடிந்து சில நாளில், அந்தப் பையன் காதில் "தண்ணி வேணும்" என்றானாம். தமிழில்தான். இருக்கட்டுமே!

ஒன்றைக் கவனியுங்கள். கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கும், இரண்டு வயதாகியும் தாய்மொழியிலேயே இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தைக்கும் முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். வீட்டில் கலகலப்பாக இருந்தும், மாதக்கணக்கில் பள்ளியில் யாரிடமும் பேசாவிட்டால் 'செலக்டிவ் மியூட்டிசம்' ஆக இருக்கலாம். அது பதற்றம் சம்பந்தப்பட்டது, பிடிவாதம் இல்லை. குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். காட்டும்போது, வீட்டில் பேசுவதை செல்போனில் பதிவு செய்துகொண்டு போனால் அவருக்கு உதவும்.