மலையின் பெயரும் கணக்கேட்டின் மதிப்பும்

ஒரு நிறுவனம் மற்றொரு நிறுவனத்தை விலைக்கு வாங்கும்போது, நிலம், கட்டடம், இயந்திரம், சரக்கு ஆகியவற்றின் மதிப்பைக் காட்டிலும் கூடுதலான தொகையைக் கொடுப்பதுண்டு. இக்கூடுதல் தொகை எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பது கணக்கியலில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டுவரும் வினாவாகும். வாடிக்கையாளரின் பழக்கம், கடையின் அமைவிடம், தொழிலாளரின் தேர்ச்சி, சரக்கின் பெயர் ஆகியவை ஒருங்கே சேர்ந்து தரும் ஈட்டுத்திறனையே ‘நற்பெயர்’ என்கிறோம். கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ள மூணாறு தேயிலைத் தோட்டங்களின் வரலாறு இப்பொருளை விளக்குவதற்கு மிகவும் ஏற்றது.

பூஞ்சாறு அரச மரபினரிடமிருந்து 1877 ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ பெற்ற கண்ணன் தேவன் மலைகளில் பின்னர்த் தோட்டத் தொழில் வேரூன்றியது. 1897 இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் தோன்றியது. ஜேம்ஸ் பின்லே குழுமத்தின் ஆதிக்கத்தில் அது வளர்ந்தது. 1964 இல் டாடா குழுமம் பின்லேயுடன் கூட்டுச் சேர்ந்தது. 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக இம்மலைகளில் உள்ள நிலங்களைக் கேரள அரசு மீட்டெடுத்தது. எனினும் சாகுபடியில் இருந்த பரப்பு நிறுவனத்திடமே விடப்பட்டது. 1976 இல் டாடா பின்லே நிறுவனம் தோட்டங்களை ஏற்றது. பின்லே தன் பங்குகளை விற்று விலகியபின், 1983 இல் அது டாடா டீ எனப் பெயர் பெற்றது.

இதே நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் பிரிட்டனின் டெட்லி நிறுவனத்தை 271 மில்லியன் பவுனுக்கு வாங்கியது. வாங்கியதைவிட வாங்கப்பட்டது பெரிது என்பதால் அக்காலத்தில் பலர் வியந்தனர். டெட்லியின் வலிமை தேயிலைச் செடியில் இருக்கவில்லை. பெயரிலும், கலவைத் திறனிலும், விற்பனைத் தொடர்புகளிலும் இருந்தது. ஆகவே கொடுத்த விலையில் பெரும்பகுதி கண்ணுக்குப் புலனாகாதவற்றுக்கே ஆனது.

இத்தகைய விலையைக் கணக்கில் எவ்வாறு பிரிப்பது? ஒரு கற்பனைத் தேயிலை ஆலையைக் கொள்வோம். அதன் சொத்துகளின் ஏட்டு மதிப்பு ரூ. 8 கோடி, கடன் ரூ. 2 கோடி. வாங்குபவர் ரூ. 12 கோடி கொடுக்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் நற்பெயர் ரூ. 6 கோடி என்று தோன்றும். ஆனால் இந்தியக் கணக்கியல் தரநிலை 103 இன்படி சொத்துகளை ஏட்டு மதிப்பில் அல்லாமல், வாங்கிய நாளின் நியாய மதிப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். நிலமும் இயந்திரமும் ரூ. 1.5 கோடி உயர்கின்றன எனவும், பதிவு பெற்ற வணிகப் பெயர் ரூ. 2.5 கோடி பெறும் எனவும் கொண்டால், நிகர மதிப்பு ரூ. 10 கோடியாகிறது. எஞ்சிய ரூ. 2 கோடி மட்டுமே நற்பெயர். (வரி விளைவுகளை எளிமை கருதி இங்கே விட்டுவிட்டோம்.) தனியே பிரித்து விற்கக்கூடியது, அல்லது ஒப்பந்தத்தாலோ சட்டத்தாலோ உரிமை உடையது எதுவோ அது தனிச் சொத்து, அவ்வாறு பிரிக்க இயலாத மிச்சமே நற்பெயர்.

இங்கே மாணவர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பயிற்சி பெற்ற தொழிலாளர் கூட்டத்தைத் தனிச் சொத்தாகப் பதிய இத்தரநிலை இடம் தரவில்லை. தலைமுறை தலைமுறையாக இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொய்து பழகிய கைகளின் திறன், தொழில் கைமாறும்போது அந்த மிச்சத்தில் கலந்து பெயரின்றி நிற்கிறது. தொழில் கைமாறாவிடில் அது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. சொந்த முயற்சியால் வளர்த்த வணிகப் பெயருக்கும் இதே நிலைதான்: வாங்கிய பெயர் சொத்து, வளர்த்த பெயர் வெறும் செலவு. அளவிடுவதில் நம்பகம் இல்லை என்பது இதற்குக் கூறப்படும் காரணம். காரணம் நியாயமானதே, எனினும் ஒரே தன்மையுள்ள இரு பெயர்கள் இரு நிறுவனங்களின் இருப்புநிலைக் குறிப்புகளில் இருவேறு விதமாகத் தோன்றுவதை அது மறைத்துவிடாது.

மூணாற்றில் இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2005 ஆம் ஆண்டில் டாடா டீ அங்குள்ள பெரும்பான்மைத் தோட்டங்களிலிருந்து விலகியபோது, கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனம் உருவாக்கப்பட்டது. பங்குகளில் பெரும்பகுதியைத் தொழிலாளரும் அலுவலரும் பெற்றனர். ஆனால் ‘கண்ணன் தேவன்’ என்ற தேயிலைப் பெயர் டாடாவிடமே தங்கிவிட்டது. மலையும் செடியும் ஆலையும் ஒருபுறம். மலையின் பெயர் மறுபுறம். புதிய நிறுவனம் ‘ரிப்பிள்’ என்ற வேறொரு பெயரை வளர்க்க வேண்டியதாயிற்று. தேயிலை விலை வீழும்போது அதன் சுமையைத் தாங்குவது தோட்டம். பொட்டலத்தின் பெயரோ அத்துணை எளிதில் அசைவதில்லை. 2015 செப்டம்பரில் போனஸ் குறைப்பை எதிர்த்துப் பெண் தொழிலாளர் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பலரும் அறிவர். பங்குதாரராகவும் கூலியாளராகவும் ஒருவரே இருக்கும் நிறுவனத்தில் எழுந்த அப்போராட்டம், 8.33 விழுக்காடு போனஸும் 11.67 விழுக்காடு கருணைத் தொகையுமாக 20 விழுக்காட்டில் முடிந்தது.

பதிந்த நற்பெயரைப் பின்னர் என்ன செய்வது என்பதிலும் கருத்து மாறியுள்ளது. இணைப்புகளுக்கான பழைய கணக்கியல் தரநிலை 14 இன்படி, பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குள் அதனைப் போக்கெழுத வேண்டும். 2016 முதல் பெரிய நிறுவனங்களுக்கு நடைமுறைக்கு வந்த புதிய தரநிலைகளில் அவ்வாறு போக்கெழுதுவது இல்லை. ஆண்டுதோறும் மதிப்புக் குறைவு ஏற்பட்டுள்ளதா எனச் சோதித்தால் போதும். இச்சோதனை எதிர்கால வருவாய் மதிப்பீட்டைச் சார்ந்தது. மதிப்பிடுபவர் நிர்வாகமே ஆதலின், நம்பிக்கை மிகுந்த நிர்வாகத்தின் நற்பெயர் குறைவதே அரிது! தணிக்கையாளர் இவ்விடத்தில் கூடுதல் விழிப்புடன் இருத்தல் நன்று. வருமான வரியில் நிலை வேறு: நற்பெயருக்குத் தேய்மானம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2012 இல் தீர்ப்பளித்தது, 2021 ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அச்சலுகையை நீக்கிவிட்டது.

விலைக்கு வராத பெயர்களும் இப்பகுதியில் உண்டு. மறையூர், காந்தலூர் ஊராட்சிகளில் கரும்பு காய்ச்சி உருட்டப்படும் மறையூர் வெல்லம் 2019 இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலக்காட்டு மட்டை அரிசிக்கும் அக்குறியீடு உண்டு. 1999 ஆம் ஆண்டுப் புவிசார் குறியீடுகள் சட்டத்தின் 24 ஆம் பிரிவின்படி, இத்தகைய பெயரை விற்கவோ, அடகு வைக்கவோ, பிறருக்கு உரிமம் வழங்கவோ இயலாது. ஆகையால் எந்த நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பிலும் அது சொத்தாக ஏறப்போவதில்லை. மறையூரில் கரும்பு விளைவித்து, உரிய முறையில் வெல்லம் காய்ச்சிப் பதிவு பெற்ற எவரும் அப்பெயரைப் பயன்படுத்தலாம்.