வாசலில் நிறுத்தும் இரண்டு கோப்புகள்

இணையத்தில் ஒரு சர்வரைத் திறந்துவைத்தால் போதும், அதன் லாக் கோப்பில் ஒரே மாதிரி வரிகள் விழத் தொடங்கிவிடும்: ‘ரூட்’ என்ற நிர்வாகிப் பெயர், தவறான கடவுச்சொல், மறுபடியும் ‘ரூட்’, மறுபடியும் தவறு. தட்டுவது ஆளல்ல, நிரல். ஒரு ஐபி முகவரியைத் தடுத்தால் அடுத்த எண்ணிலிருந்து வரும். எனவே அந்த வரிசை எண்களையே மொத்தமாகத் தடுக்கிறார்கள்.

லினக்ஸ், யூனிக்ஸ் கணினிகளில் இதற்கான பழைய கருவி டிசிபி ராப்பர். நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகக் கணினிகளில் புகுந்து கோப்புகளை அழித்துவந்த ஒருவனைக் கண்காணிக்க, 1990இல் வீட்சே வெனெமா எழுதியது. இதில் விதிகள் இருப்பது இரண்டு கோப்புகளில். முதலில் ‘ஹோஸ்ட்ஸ்.அலவ்’ பார்க்கப்படும், அங்கே முகவரி பொருந்தினால் அனுமதி. இல்லையென்றால் ‘ஹோஸ்ட்ஸ்.டினை’, அங்கே பொருந்தினால் மறுப்பு. இரண்டிலும் இல்லாதவர் தாராளமாக உள்ளே வரலாம்! புதிதாக எழுதிய விதி அடுத்த இணைப்பிலிருந்தே செல்லும். ஏற்கெனவே உள்ளே இருப்பவரை அது வெளியேற்றாது.

டினை கோப்பில் ‘ஆல்: 203.0.113.’ என்று எழுதினால், அப்படித் தொடங்கும் 256 முகவரிகளும் அடைபடும். கடைசிப் புள்ளியை விட்டுவிட்டால் ஒன்றுகூட அடைபடாது. ‘203.0.’ என்று சுருக்கினால் அடைபடுவது 65,536.

இங்கேதான் நிதானம் தேவை. பூதிகோட்டை என்ற ஊரிலிருந்து வரும் ஒரு மொட்டைக் கடிதத்தை நிறுத்த, 563 என்று தொடங்கும் பின்கோடு கடிதங்களையெல்லாம் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும்? தங்கவயல், பங்காருப்பேட்டை, சிந்தாமணி என எல்லா ஊர்த் தபாலும் நின்றுபோகும். ஐபி எண்ணில் சேதம் இன்னும் கூடுதல். ஐபி நான்காம் பதிப்பில் முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. ஆசிய-பசிபிக் பகுதியின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதனால் மொபைல் நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத் தருகின்றன. ஒருவருடைய போனில் வைரஸ் இருந்தால், தடை அந்த முகவரியில் வருகிற எல்லோர் மீதும் விழும்.

சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருள், 2014இல் வந்த 6.7 பதிப்பில் ராப்பர் ஆதரவைக் கைவிட்டது. அதனால் உங்கள் சர்வர் அந்தக் கோப்புகளைப் படிக்கிறதா என்று முதலில் சோதியுங்கள். படிக்காவிட்டால் அதே வேலையை ஃபயர்வாலில் செய்யலாம். எதில் செய்தாலும் உங்கள் சொந்த முகவரியை முதலில் அனுமதியுங்கள், தடையைச் சிறிதாகத் தொடங்குங்கள், காலக்கெடு வையுங்கள். கடவுச்சொல்லை நிறுத்திவிட்டு சாவிக் கோப்பால் மட்டும் நுழையும்படி மாற்றினால், இந்தத் தடைகளில் பாதிக்கு வேலையே இருக்காது.